வளர்ச்சிக் கொள்கையின் மீதிப் பாதி எங்கே எழுதப்படுகிறது?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மதுரையில் பொருளியல் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "முதலில் தொழில் வளர வேண்டும், நாட்டில் பணம் சேர வேண்டும், அதன் பிறகே சாப்பாடு, உதவித்தொகை, கட்டணமில்லாப் பேருந்து என்று செலவழிக்க வேண்டும் என்கிறார்கள். அரசுகள் உண்மையில் அப்படித்தான் கொள்கை வகுக்கின்றனவா? தில்லியிலும் சென்னையிலும் எழுதித் தருவதை வாங்கிக்கொள்வதைத் தவிர எங்களுக்கு அதில் என்ன இடம் இருக்கிறது?"

ஊரக வளர்ச்சித் துறையில் சேர்ந்து, மதுரை மாவட்டத்து ஒன்றிய அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நான் கண்டவரை, எந்தக் கொள்கையும் தலைமைச் செயலகத்தில் எழுதி முடிக்கப்படுவதில்லை. அங்கே பாதி எழுதப்படுகிறது. அதைக் கையில் எடுத்து நடத்தும் ஊழியரிடமும் ஊராரிடமும் வந்து சேர்ந்த பிறகே மீதிப் பாதி எழுதப்படுகிறது. பொருளாதாரக் கொள்கை எது, சமூகக் கொள்கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போவதும் அந்த மீதிப் பாதியில்தான். சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு ஆங்கில அரசு உயிர் கொடுத்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டு, பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1895இல் அணை செயல்பாட்டுக்கு வந்தது. நிலவரி எவ்வளவு கூடும், பஞ்ச நிவாரணச் செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்துக் கட்டிய அணைதான் அது என்றாலும், கம்பம் பள்ளத்தாக்கும் மேலூர் வட்டாரமும் இன்றும் அதனால்தான் நெல் விளைவிக்கின்றன. ஆனால் வாய்க்கால் எட்டாத மேட்டுப் பகுதி வானம் பார்த்த பூமியாகவே நின்றது. அந்த வறண்ட பகுதியில் வாழ்ந்த பிறமலைக் கள்ளர்கள் மீது ஆங்கில அரசு, பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பதியவைக்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சுமத்தியது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே காலத்தில், அதே அரசு, அதே மக்களுக்காகக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் தொடங்கியது. அடக்கும் கையும் எழுத்தறிவிக்கும் கையும் ஒரே உடம்பில் இருந்தன. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ஒரு வட்டாரத்துக்குத் தண்ணீரும் இன்னொரு வட்டாரத்துக்குக் காவல் நிலையமும் என்று நூறு ஆண்டுக்கு முன் எடுத்த முடிவின் தடம் இன்றைக்கும் அழியவில்லை. உசிலம்பட்டிக் கண்மாய்களுக்கு நீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக உங்கள் பெரியவர்கள் எத்தனை ஆண்டுகள் நடையாய் நடந்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இனி, யாருக்கு எந்த அதிகாரம் என்பது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வேலைகளை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. ரயில்வே, நாணயம், பாதுகாப்பு ஆகியவை தில்லியிடமும், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை மாநிலத்திடமும் இருக்கின்றன. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. 1950 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்த திட்டக் குழு கலைக்கப்பட்டு, 2015 ஜனவரி 1 அன்று நிதி ஆயோக் வந்தது. முன்னதற்கு மாநிலங்களுக்குத் திட்ட நிதியைப் பிரித்துத் தருவதில் கை இருந்தது. பின்னது ஆலோசனை சொல்லும் அமைப்பு. தமிழ்நாட்டில் 1971இல் அமைக்கப்பட்ட மாநிலத் திட்டக் குழு இன்றும் இயங்குகிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும். கொள்கை எப்படி உயிர் பெறுகிறது என்பதை அறிய ஒரு திட்டத்தின் வரலாற்றையாவது தொடக்கத்திலிருந்து பின்தொடர வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது பள்ளிச் சாப்பாடு. 1920இல், பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் சோறு போட்டுப் பார்த்தார்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலத் திட்டமானது. அன்று அரசின் கையில் போதிய பணம் இல்லை. ஊருக்கு ஊர் நெல்லும் விறகும் காய்கறியும் கொடுத்தே அது நடந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, இத்தனை பிள்ளைகளுக்கு நாள்தோறும் சோறு போட்டால் கருவூலம் தாங்குமா என்று படித்தவர்கள் பலர் கேட்டார்கள். முதலில் கிராமங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள், அதே ஆண்டில் நகரங்கள், 1984இல் 15 வயது வரை என்று அது பெருகியது. 1989இல் கலைஞர் ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. தமிழ்நாடு செய்துகாட்டிய பிறகு 1995இல் ஒன்றிய அரசு நாடு தழுவிய திட்டம் ஒன்றை அறிவித்தது. பல மாநிலங்கள் சமைத்த உணவுக்குப் பதிலாகத் தானியத்தை அளந்து கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் உள்ள சமைத்த உணவையே தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு மாநகராட்சிப் பள்ளியில் வைத்த உலை நாடு முழுவதற்குமான உரிமையாக 81 ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றில் அரசாணைகளில் காணக் கிடைக்காத ஒரு பகுதி உண்டு. நான் இளநிலை உதவியாளராக இருந்த காலத்தில், ஐப்பசி கார்த்திகை பிறந்துவிட்டால் சத்துணவு அமைப்பாளர்களிடமிருந்து ஒரே மாதிரியான கடிதங்கள் வரும். விறகு நனைந்துவிட்டது, சோறு வேக ஒரு மணிக்கு மேல் ஆகிறது, சிறு பிள்ளைகள் பசியில் தூங்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். ஒரு மையத்து ஆயா, கண் எரிச்சலில் கண்ணீர் வழிய, தம் சேலைத் தலைப்பால் விறகைத் துடைத்துத் துடைத்து அடுப்பில் செருகிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கிடைத்த தொகுப்பூதியம் அன்றைய கூலி வேலைக்கும் குறைவு. அந்தக் கடிதங்களைச் சுருக்கி, ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து சென்னைக்கும் அனுப்புவதே எங்கள் வேலை. பின்னாளில் மையங்களுக்கு எரிவாயு இணைப்பு வந்தது. எந்தக் கடிதத்தால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடுப்பைப் பற்றி அடுப்படியில் இருந்தவரே எழுதினார் என்பதை நான் அறிவேன்.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரை மாநகராட்சியின் ஆதிமூலம் தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பட்டது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்தும். 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகள். கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அதே பள்ளியில் தம் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்மார்களுக்கு அதில் முன்னுரிமை. காலை எட்டரை மணிக்கு ஒரு பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். ரவை உப்புமாவையும் காய்கறிச் சாம்பாரையும் இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சமையல் முடிந்த நேரத்தைக் கைப்பேசிச் செயலியில் ஒரு பெண் பதிவு செய்துகொண்டிருப்பார். தன் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சாம்பாரில் பருப்பைக் குறைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. எந்த ஆய்வாளரும் செய்ய முடியாத கண்காணிப்பு இது. இதை யோசித்து விதியில் எழுதியவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இது சமூகநலச் செலவா, பொருளாதாரச் செலவா? விடியலில் களையெடுக்கவோ பூப்பறிக்கவோ கிளம்பும் தாய், பிள்ளை பட்டினியாகப் போகிறதே என்ற கவலையின்றி வேலைக்குப் போகிறார். அந்தப் பிள்ளை பத்து மணிக்குக் கரும்பலகையைப் பார்க்கத் தெம்போடு உட்கார்ந்திருக்கிறது. அத்தோடு 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எட்டுக் கல் தள்ளியிருக்கும் பஞ்சாலையிலோ துணிக்கடையிலோ கிடைக்கும் வேலை, பேருந்துக் கட்டணம் போனால் கட்டுப்படியாகாது என்றிருந்த பெண்ணுக்கு இப்போது கட்டுப்படியாகிறது. 2019-20ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தனர். பேருந்துச் சலுகைக்கு முந்தைய கணக்கு இது. பல பத்தாண்டுப் பள்ளிச் சோறும் ரேஷன் அரிசியும் பெண் கல்வியும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன என்பது என் துணிவு. தொழில் வளர்ந்த பிறகு சோறு போடலாம் என்று 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் காத்திருந்திருந்தால், தொழிற்சாலை வந்தபோது அதில் வேலைக்குச் சேரப் படித்த பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். வகுப்பில் சொல்லப்படும் வரிசை முறையோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான்.

அதற்காகப் பணக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. அதில் உங்கள் ஆசிரியர் சொல்வதில் நியாயம் உண்டு. 2021 ஆகஸ்டில், மதுரை மத்திய தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் அன்றைய நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. வட்டி கட்டிய பிறகு, சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்த பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் பாலமும் பள்ளியும் கட்ட வேண்டும். ஒன்றிய அரசு திரட்டும் வரிகளில் மாநிலங்களுக்குப் பகிர வேண்டிய பங்கை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு பகிர்வுத் தொகையில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு என்றும், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு என்றும் வகுத்தது. 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு 6 விழுக்காட்டுக்கு அருகில். செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் ஒன்றியம் திரட்டுவது இந்தப் பகிர்வுக்குள் வரவே வராது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததில், விற்பனை வரி விகிதத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் உரிமையும் மாநிலத்திடமிருந்து பெரும்பாலும் போய்விட்டது. அந்த வரிக்கான மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு தேவை. எல்லா மாநிலங்களும் ஒருபக்கம் நின்றாலும் ஒன்றியம் இல்லாமல் ஒன்றும் நிறைவேறாது. ஆகையால் ஒரு மாநில அரசு கொள்கை வகுப்பது என்பது, சம்பளத்தில் முக்கால்வாசி பிடித்தமாகப் போன பின் குடும்பத்தலைவி போடும் மாதக் கணக்கைப் போன்றது. எதைச் செய்வது என்பதைவிட எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்பதே அங்கே பெரிய முடிவு. அப்படித் தள்ளிப்போடப்படுவதில் பெரும்பாலும் தென்மாவட்டங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன என்பது எங்கள் பகுதியினரின் நெடுநாள் ஆற்றாமை. கப்பலூரிலும் கே.புதூரிலும் தொழிற்பேட்டைகள் இருந்தும், படித்த பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் ரயிலேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி, ஊருக்கு என்ன இடம் என்பது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. தலைவர் பதவிகளில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இட ஒதுக்கீடு உறுதியானது. ஏட்டில் அது அருமையான சட்டம். 1996இல் தேர்தல் அறிவித்தபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும் ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரவில்லை; வந்து வென்றவரும் உடனே பதவி விலகினார். மேலூர் அருகே மேலவளவில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி எட்டிய அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஊராட்சிச் சட்டத்தின் பக்கங்களை மேசையில் வைத்துக்கொண்டு, இதை எப்படி நடத்தப் போகிறோம் என்று உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தது 2006இல்தான். அன்றைய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியது அதில் பெரும்பங்கு வகித்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபையில் மக்களோடு அமர்ந்தார்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் மதுரையில் நடந்திருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதன் பிறகே, அவர்கள் மீது வழக்குப் பாயாதிருக்க ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. அங்கே செயல் முந்தியது, சட்டம் பிந்தியது. பாப்பாபட்டியில் சட்டம் முந்தியது, செயல் பத்து ஆண்டுகள் பிந்தியது. இரண்டிலும், சட்டத்துக்கும் செயலுக்கும் இடைப்பட்ட வழியை அடைத்தவர்களும் ஊர் மனிதர்களே, திறந்தவர்களும் ஊர் மனிதர்களே. ஊருக்கு என்ன இடம் என்று கேட்கும்போது, ஊர் என்பதில் யாரெல்லாம் அடங்குவார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரைக் கேட்காமல் எடுத்த முடிவு என்னவாகும் என்பதற்கு அண்மைச் சான்று அரிட்டாபட்டி. 2023இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் போனது. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. தொழிலுக்கும் படைத்தளவாடத்துக்கும் தேவையான அந்த உலோகத்துக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கக் கூடாது என்ற தில்லியின் கவலை பொய்யானதன்று. ஆனால் 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பெயரில் ஏலம் போன 2,015 எக்டேருக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. 2022இல்தான் மாநில அரசு அந்தப் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 நீரூற்றுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணர் படுகைகள், தமிழி கல்வெட்டு என எல்லாம் ஓரிடத்தில் அமைந்த மண் அது. குன்றில் விழும் மழை ஊற்றாகக் கசிந்து, கண்மாயில் சேர்ந்து, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு குன்றை உடைத்தால் எத்தனை மடைகள் காயும் என்பதை அந்த ஊரின் எந்த விவசாயியும் விரல் விட்டுச் சொல்லிவிடுவார். ஏலத்துக்கு முன் அவரை யாரும் கேட்கவில்லை. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் நடந்தே மதுரை தல்லாகுளத்துக்கு வந்தார்கள்; பெரியவர்களும் கைப்பிள்ளையோடு தாய்மார்களும் அதில் இருந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர்க்காரர்களுக்குக் கிரானைட் குவாரி என்றால் என்னவென்று முன்பே தெரியும். குன்றுகள் இருந்த இடத்தில் குழிகளைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த அறிவு கொள்கை வகுத்தவர்களின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்திருந்தால், இரண்டு மாதப் பதைப்பு அந்த மக்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

எனவே, தம்பி, உங்களுக்கான இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் துறைகளுக்கான செலவுத் தொகைக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடுகிறது. தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும் அதைப் படியுங்கள். நீர்வளத் துறையின் குறிப்பில் 58 கிராமக் கால்வாய் என்ற சொல் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு தொகை, இல்லையென்றால் கடைசியாக எந்த ஆண்டில் இருந்தது என்று பாருங்கள். அதைக் குறித்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதே கூட்டம் என்றாகிவிட்டது. முன்கூட்டியே எழுதிவைத்த தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் வேகமாக வாசிப்பார், கூட்டத்தைப் பார்வையிட வந்த அலுவலரான பற்றாளர் தலையசைப்பார். நீங்கள் எழுந்து, கால்வாயின் எந்த மடை உடைந்து கிடக்கிறது, எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் எட்டவில்லை என்று பெயர் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடும் தேதியோடும் எழுதப்பட்டு, முன்மொழிந்தவராக உங்கள் பெயரும் இருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.